காலியாக விட்ட இருபத்திரண்டு

அவன் இன்னும் கதவைத் திறக்கவில்லை, அண்ணா. அதற்குத்தான் இந்த போன். மூன்றாவது தடவையாக என் சட்டைப் பையையே பார்க்கிறீங்க, அதனால் சொல்கிறேன். எடுக்க மாட்டேன். எடுத்தால் அதே பேச்சுதான். காலையில் பத்தரை மணிக்குப் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டவன், இப்போது மணி என்ன, ஒன்றரையா, இன்னும் உள்ளேதான் இருக்கிறான். பன்னிரண்டு வயசு. சாப்பிடவில்லை. தண்ணீருக்குப் பிரச்சினை இல்லை, குழாயைத் திறந்தால் வரும், நான் மாட்டிக்கொடுத்த குழாய்தான். ஆனால் இனிமேல் கணக்குப் புத்தகத்தைக் கையால் தொட மாட்டேன் என்று உள்ளேயிருந்தே சொல்லிவிட்டான். பத்தாவது பரீட்சையும் எழுத மாட்டானாம். அதற்கு இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது, இப்போதே சொல்லிவிட்டான்.

எல்லாம் என்னால்தான் என்கிறார்கள். நீங்களே கேட்டுவிட்டுச் சொல்லுங்க. எங்கே இறங்கணும் உங்களுக்கு? காந்திபுரமா? அப்போ நேரம் இருக்கிறது. இந்த வண்டியும் உருட்டிக்கொண்டுதான் போகிறது. நடந்து போனால் முன்னாடி போய்விடலாம் போல.

நான் வாத்தியார் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பதினெட்டு வயசு, பிளஸ் ஒன்னோடு பள்ளிக்கூடம் முடிந்தது. தண்ணீர் பில்டர் சர்வீஸ் பண்ணுகிறேன். கணுவாயிலிருந்து மாங்கரை வரைக்கும் என் லைன். மே மாதம் அந்த வீட்டுக்கு பில்டர் மாற்றப் போனேன். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கிறவர்கள். நீங்கள் அப்படி யாரையும் பார்த்திருக்க மாட்டீங்க. நானும் அதுவரை பார்த்ததில்லை. வசதி இல்லாமல் இல்லை. வீட்டுக்காரர் ரகுராம், மாடியில் உட்கார்ந்துகொண்டே பெங்களூர் கம்பெனிக்கு வேலை செய்கிறார். அவர் மனைவி ஹேமா அக்காவும் பெரிய வேலையில் இருந்தவர்தான், பிள்ளைகளுக்காக விட்டுவிட்டார். மூத்தவன் செழியன். அவன்தான் இப்போது பாத்ரூமில் இருப்பவன். சின்னவள் நெய்தல், ஒன்பது வயசு. பேர் வைப்பதிலேயே தெரிந்துவிடும் எப்படிப்பட்ட குடும்பம் என்று. பக்கத்து லேஅவுட்டில் இதே மாதிரி இன்னும் ரெண்டு குடும்பம். அவர்கள் பிள்ளைகள் மூன்று பேரும் காலையில் இங்கே வந்துவிடுவார்கள். அஞ்சு பேர், ஒரு ஹால், ஒரு நீள மேஜை, ஒரு வெள்ளைப் பலகை. மணி அடிக்காது. யாராவது வயிறு பசிக்கிறது என்றால் அதுதான் இடைவேளை.

நான் போன அன்றைக்கு அந்த மேஜையில் கலவரம். புதுக் கணக்குப் புத்தகம் வந்திருந்தது. அதுவரை ஹேமா அக்கா தானாகவே ஒரு கணக்குப் பாடம் வைத்து நடத்திக்கொண்டிருந்தார். கலர் கட்டைகளை அடுக்குவது, தோசை மாவை அளப்பது, கிணற்றுக்குள் கயிறு விட்டு ஆழம் பார்ப்பது. பரீட்சை கிடையாது, மார்க் கிடையாது, சிவப்புப் பேனா அந்த வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது. எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் செழியன் பத்தாவதைத் திறந்தநிலைப் பள்ளி மூலம் எழுத வேண்டும். அங்கே போய்க் கட்டையை அடுக்கிக் காட்டினால் யார் மார்க் போடுவார்கள்? மூன்று குடும்பமும் கூடிப் பேசி ஒரு புத்தக வரிசையை வாங்கிவிட்டார்கள். படி ஒன்று முதல் படி எட்டு வரை. தினம் ஒரு பாடம், பாடத்துக்கு முப்பது கணக்கு.

பிள்ளைகளுக்கு அது ஒத்துக்கொள்ளவே இல்லை. ஜோயல் என்று ஒருத்தன், பத்து வயசு, மூணாவது வரைக்கும் பள்ளிக்கூடத்தில் படித்தவன். அவன் ஒரு ரயில் கணக்கில் மாட்டிக்கொண்டிருந்தான். ரெண்டு ரயில் எதிரெதிரே கிளம்புகிறது, எப்போது சந்திக்கும். அவன் கேட்கிறான், "ஆன்ட்டி, ஒரே தண்டவாளமா, வேற வேறயா?" ஹேமா அக்கா, "நல்ல கேள்வி" என்கிறார். அப்புறம் அரை மணி நேரம் தண்டவாளத்தைப் பற்றியே பேச்சு. கணக்கு அப்படியே கிடக்கிறது. எனக்குப் பொறுக்கவில்லை. பில்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு ஈரக் கையோடு போய், "டேய், ரயில் முட்டுனா உனக்கென்ன, முட்டாட்டி உனக்கென்ன. ரெண்டு வேகத்தையும் கூட்டு, தூரத்தை அதால வகு" என்றேன். முப்பது செகண்டில் போட்டுவிட்டான். ஹேமா அக்கா என்னையே பார்த்தார்.

அடுத்த வாரமே கூப்பிட்டுக் கேட்டார்கள். காலையில் ரெண்டு மணி நேரம் வா, புதுப் புத்தகத்துக்குப் பிள்ளைகளைப் பழக்கிவிடு என்று. நான் பிளஸ் ஒன்னில் நின்றவன் என்று சொன்னேன். மறைக்கவில்லை. வீட்டுக்காரர் என் தோளில் தட்டி, "அதுதான் எங்களுக்கு வேணும் தரணி. நீ சிஸ்டத்தை உதறிட்டு வந்தவன்" என்றார். நான் எதையும் உதறவில்லை, அண்ணா. நின்றுவிட்டேன், அவ்வளவுதான். ஆனால் அவர் அப்படிச் சொன்னது கேட்க நன்றாக இருந்தது. விட்டுவிட்டேன். சார் என்று கூப்பிடாதே, ரகு என்றே கூப்பிடு என்றார். என் அப்பா வயசு. பேர் சொல்ல வாய் வருமா? சாரும் இல்லாமல் பேரும் இல்லாமல் "ஏனுங்க" என்றே மூன்று மாதம் ஓட்டிவிட்டேன்.

வேலையை நான் நன்றாகத்தான் பண்ணினேன். அதை அவர்களும் இல்லையென்று சொல்ல முடியாது. முப்பதை ஒரேயடியாய்க் கொடுத்தால் மிரளுகிறார்கள் என்று பத்துப் பத்தாய்ப் பிரித்தேன். அடுக்களையிலிருந்து டைமரை எடுத்து மேஜையில் வைத்தேன். முதல் நாள் அது அடித்ததும் நெய்தல் அழுதாள். ரெண்டாவது வாரம் அவளே முறுக்கி வைத்தாள். கட்டை இல்லாமல் பின்னம் போட மாட்டேன் என்றவர்களுக்கு முதலில் கட்டையை வைத்தே போட விட்டு, அப்புறம் கட்டையை வரையச் சொல்லி, அப்புறம் வரையாமல் போடச் சொல்லி, இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாய். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை எனக்கு. தானாக வந்தது.

செழியன் மட்டும் ஒரு மாதிரி. பேச மாட்டான். கணக்கைப் பார்ப்பான், ஜன்னலைப் பார்ப்பான், விடையை எழுதுவான். வழி எழுதுடா என்றால், "எழுதணுமாண்ணா?" என்பான். எழுதுவான். அடுத்த நாள் மறுபடி விடை மட்டும் இருக்கும். கேட்டால் மறந்துட்டேன் என்பான். எனக்கு அவனைப் பார்த்தாலே ஒரு எரிச்சல். ஏன் என்று தெரியவில்லை. கெட்ட பையன் இல்லை. எனக்கு டீ கொண்டுவந்து கொடுப்பவன் அவன்தான், யாரும் சொல்லாமலே. அதுவும் ஒரு எரிச்சல்.

இன்னொரு சண்டையும் இருந்தது. பலகைக்கு மேலே ஹேமா அக்கா பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தார்: தெரிந்ததைத் தாண்டு, தெரியாததில் உட்கார். தெரிந்த கணக்கையே மறுபடி மறுபடி போட்டுப் பொழுதை ஓட்டாதே, தெரியாததை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார் என்று அர்த்தம். அந்த வீட்டில் அதுதான் சட்டம். புதுப் புத்தகமோ முப்பதையும் போடு என்கிறது. பிள்ளைகள் நாலைப் போட்டுவிட்டு, மீதி தெரியும் என்பார்கள். தெரியும்னா போட்டுக் காட்டு என்பேன். "தெரியும்னா எதுக்குண்ணா போடணும்?" தினமும் இதே கூத்து. நான் பக்கத்தில் நின்று நின்று போட வைத்தேன். ஜூலை முடிவதற்குள் அந்தச் சண்டை ஓய்ந்துவிட்டது. ஓய்ந்துவிட்டது என்று நினைத்தேன்.

இருங்க, கண்டக்டர் வருகிறார். டிக்கெட் எடுத்தாச்சுங்க.

எங்கே விட்டேன்? விடைப் புத்தகம். விடையெல்லாம் தனிப் புத்தகமாக வரும், பச்சை அட்டை. அதை அலமாரியில் திறந்தே வைத்திருந்தார்கள். பூட்டி வைக்கலாம் என்று முதல் வாரமே சொன்னேன். வீட்டுக்காரர் சிரித்தார். "இங்க எதையும் பூட்டறதில்ல தரணி." பிள்ளைகளே போடுவார்கள், பிள்ளைகளே பச்சை அட்டையை எடுத்துப் பார்த்து, தப்பாக இருந்தால் பக்கத்தில் திருத்தி எழுதிக்கொள்வார்கள். அதைப் பார்த்து முன்னாடியே எழுதிவிடலாம் என்பது அவர்களுக்குத் தோன்றவே தோன்றாது என்றார். எனக்கு நம்பிக்கை இல்லை. அறுபது பேர் படிக்கிற வகுப்பில் இருந்தவன் நான். எனக்குத் தெரியாதா?

இப்போது ஆகஸ்ட் வந்தது. புத்தகத்தோடு நிலைத் தேர்வு என்று ஒன்று கொடுத்திருந்தார்கள். பிள்ளை சரியான படியில்தான் இருக்கிறதா என்று பார்க்க. ஒவ்வொரு படிக்கும் தனித் தாள், ஐம்பது கணக்கு, சுலபத்திலிருந்து கஷ்டத்துக்குப் போகும். முப்பதுக்குக் கீழே வாங்கினால் ரெண்டு படி கீழே இறக்கணும். ஹேமா அக்காவுக்குத் தேர்வு என்ற சொல்லே பிடிக்காது. இத்தனை நாள் தள்ளித் தள்ளி வைத்திருந்தவரை நான்தான் சம்மதிக்க வைத்தேன். பத்தாவதில் போய் முதல்முதலாகப் பரீட்சை எழுதினால் கை நடுங்கும், இப்போதே பழகட்டும் என்றேன். சரி என்றார். நேற்று வைத்தோம். அந்தப் பிள்ளைகள் வாழ்க்கையில் எழுதிய முதல் தேர்வு. ஜோயலை விட்டுவிடுங்கள்.

எல்லாக் கணக்கையும் போடணும் என்று தொடங்கும்போது சொன்னாயா என்று ஹேமா அக்கா இன்றைக்கு என்னைக் கேட்கிறார். தேர்வு என்றால் எல்லாம் போடணும். அதை ஒருத்தர் வேறு சொல்ல வேண்டுமா? நீங்களே சொல்லுங்க.

தாள்களை வீட்டுக்குக் கொண்டுபோனேன். வழியில் கடையில் ஒரு சிவப்புப் பேனா வாங்கிக்கொண்டேன். சாயங்காலம் உட்கார்ந்து திருத்தினேன். நெய்தல் நாற்பத்து மூன்று. ஜோயல் முப்பத்தெட்டு. மற்ற ரெண்டு பேரும் முப்பத்தைந்துக்கு மேலே. செழியன் தாளை எடுத்தேன். முதல் பக்கம் காலி. முழுசாகக் காலி. இருபத்திரண்டு கணக்கு, ஒன்றில்கூட பென்சில் படவில்லை. சாதாரணப் பின்னம், தசமம், நெய்தலே போடுவாள். திருப்பினால், இருபத்து மூன்றிலிருந்து ஐம்பது வரை எல்லாம் போட்டிருக்கிறான். சதவீதம், விகிதம், பரப்பளவு. இருபத்தெட்டில் இருபத்தாறு சரி. வழி ஒரு வரிகூட இல்லை. விடை, விடை, விடை.

நீங்கள் என்ன நினைப்பீங்க? சுலபமானது தெரியாதாம், கஷ்டமானது தெரியுமாம். தேர்வு விடையும் சேர்ந்த பச்சை அட்டை அலமாரியில் திறந்து கிடக்கிறது. நான் ரெண்டும் ரெண்டும் நாலு என்று கூட்டினேன். ரெண்டாம் பக்கத்து விடைகளை முந்தின நாளே பார்த்து வைத்திருக்கிறான், முதல் பக்கத்துக்கு நேரம் கிடைக்கவில்லை. பொருந்துகிறதா இல்லையா?

ஹேமா அக்காவிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம் என்கிறார்கள். மறைத்து மறைத்துப் பேசுவது எனக்கு வராது, அண்ணா. எதுவாக இருந்தாலும் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடணும். அதுதான் பிள்ளைகளுக்கும் நல்லது. இன்றைக்குக் காலையில் மேஜையைச் சுற்றி அஞ்சு பேரும் உட்கார்ந்ததும் வாசித்தேன். நெய்தல் நாற்பத்து மூன்று என்றதும் அவள் செழியனைப் பார்த்துப் பல்லைக் காட்டினாள். அவனும் சிரித்தான். தங்கச்சி மேல் அவனுக்கு உயிர். கடைசியாக, "செழியன் இருபத்தாறு. ஆறாம் படியிலிருந்து நாலாம் படி. இனிமே நெய்தல் புத்தகம்தான் உனக்கும், அவகூட உட்காரு" என்றேன்.

அதோடு நிறுத்தியிருந்தால் பாத்ரூமுக்குப் போயிருக்க மாட்டானோ என்னமோ. அவன், "எப்படிண்ணா இருபத்தாறு?" என்று கேட்டான். சும்மா கேட்டான். எனக்குத்தான் ஏறிவிட்டது. "அந்த இருபத்தாறும் உன்னோடது இல்ல. பச்சை அட்டையோடது. பார்த்துத்தானே போட்டே?" என்றேன்.

அவனுக்கு முதலில் விளங்கவே இல்லை. அப்புறம் மெதுவாக, "முதல் பக்கம் எல்லாம் தெரிஞ்சுதுண்ணா. தாண்டிட்டேன்" என்றான். சுவரில் ஒட்டியிருப்பதைப் பார்த்துக்கொண்டே சொன்னான். நான், "மாட்டிக்கிட்டா எல்லாரும் ஒரு கதை வெச்சிருப்பாங்க" என்றேன்.

நெய்தல் கேட்டாள், "பார்த்துப் போடறதுன்னா என்ன?" அவளுக்கு நிஜமாகவே தெரியாது. ஜோயல் சொன்னான். பள்ளிக்கூடத்தில் படித்தவன் இல்லையா, அவனுக்குத் தெரியும். "மத்தவங்க விடையைத் திருடி எழுதறது."

திருட்டு என்று நான் சொல்லவில்லை. ஜோயல் சொன்னது அது. ஆனால் எல்லாரும் நான் சொன்னதாகத்தான் பேசுகிறார்கள்.

செழியன் எழுந்தான். நாற்காலியை மேஜைக்குள் தள்ளி வைத்தான். அந்த வீட்டில் எழுந்தால் அப்படிச் செய்யணும், பழக்கம். பாத்ரூமுக்குள் போனான். தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. நான் டைமரை முறுக்கி வைத்து, மற்றவர்களை அடுத்த பாடத்தை எடுங்க என்றேன். யாரும் எடுக்கவில்லை.

ஏன் தம்பி பள்ளிக்கூடத்தை விட்டே என்று கேட்கிறீங்க. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கேட்டதால் சொல்கிறேன். பிளஸ் ஒன் காலாண்டு, கணக்கில் தொண்ணூற்றொன்று வாங்கியிருந்தேன். வழி எழுதும் பழக்கம் எனக்குக் கிடையாது, தலையிலேயே ஓடி விடும். வாத்தியார் என் தாளைத் தூக்கிப் பிடித்து, "வழியே இல்ல, விடை மட்டும் குதிச்சு வந்திருக்கு. யார் பேப்பர்லருந்து குதிச்சுது?" என்றார். அறுபது பேரும் சிரித்தார்கள். எனக்கு முன்னாடி பெஞ்சில் இருந்தவன் வாங்கினது முப்பத்தெட்டு. முப்பத்தெட்டைப் பார்த்து எழுதினால் தொண்ணூற்றொன்று எப்படி வரும்? கணக்கு வாத்தியாருக்கு இந்தக் கணக்கு தெரியவில்லை. போர்டில் ஒரு கணக்கு கொடுங்க சார், இங்கேயே போடறேன் என்றேன். உட்காருடா என்றார். உட்கார்ந்தேன். அரையாண்டுக்கு நான் போகவில்லை. அவர் மேல் கோபமெல்லாம் இல்லை எனக்கு. அதெல்லாம் மறந்தாச்சு. எஸ். பழனிவேலு, எம்.எஸ்சி., பி.எட்., தாளைத் திருப்பும்போது கட்டை விரலை எச்சில் தொட்டுத் திருப்புவார். மறந்தே போச்சு. அவர் சொன்னது அபாண்டம், அண்ணா. நான் சொன்னது அப்படி இல்லை. என் கையில் ஆதாரம் இருந்தது.

மறுபடி அடிக்கிறது பாருங்க. ஹேமா அக்காதான். அடிக்கட்டும்.

பதினோரு மணி வாக்கில் அவர் என்னைக் கூப்பிட்டுப் பாத்ரூம் கதவுக்கு முன்னாடி உட்கார வைத்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நீயே பேசு தரணி, நாங்க பேசினா அவன் பதில் சொல்ல மாட்டேங்கறான்" என்றார். உட்கார்ந்தேன். என்ன பேசுவது? "டேய், வெளிய வாடா" என்றேன். ரொம்ப நேரம் கழித்து உள்ளேயிருந்து, "அந்த முதல் பக்கத்தைக் கொடுங்க" என்றான்.

கதவுக்கு அடியில் ரெண்டு விரல் இடைவெளி. தாளைத் தள்ளினேன். பென்சிலை உருட்டி விட்டேன். பச்சை அட்டை என் மடியில் இருந்தது, அதைக் குறித்துக்கொள்ளுங்க. உள்ளே இருந்தது அவனும் வாளியும்தான். நெய்தல் ஓடிப்போய் டைமரைக் கொண்டுவந்து தரையில் வைத்தாள், பத்து நிமிஷம் முறுக்கி. நான் சொல்லவில்லை அவளிடம்.

டைமர் அடிக்கவில்லை, அண்ணா. அதற்கு முன்னாடியே தாள் வெளியே வந்துவிட்டது. ஒரு ஓரம் நனைந்திருந்தது. இருபத்திரண்டும் போட்டிருந்தான்.

திருத்தினேன். ஒன்று சரி. ரெண்டு சரி. மூன்று, நாலு. நாலாவதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பொய் சொல்ல மாட்டேன், நாலாவதிலேயே தெரிந்துவிட்டது. மேலே திருத்தவே தேவையில்லை. ஆனால் கை போய்க்கொண்டே இருந்தது. பதினேழாவது வந்தது. புள்ளி ஆறையும் புள்ளி மூன்றையும் பெருக்கணும். பச்சை அட்டையில் புள்ளி ஒன்று எட்டு என்று இருக்கிறது. அவன் ஐம்பதில் ஒன்பது என்று பின்னமாக எழுதியிருந்தான். கட்டையிலேயே கணக்குப் படித்தவன் இல்லையா, அவனுக்கு எல்லாமே பின்னமாகத்தான் வரும். ரெண்டும் ஒன்றுதான். எனக்குத் தெரியாதா? ஆனால் புத்தகத்தில் புள்ளி வைத்துத்தான் இருக்கிறது.

மாடியிலிருந்து வீட்டுக்காரரும் இறங்கி வந்து நின்றார். ஹேமா அக்கா, "எல்லாம் சரிதானே தரணி?" என்றார். நான், "இருபத்தொண்ணு. பதினேழாவது தப்பு" என்றேன்.

கதவுக்கு அந்தப் பக்கம் எல்லாம் கேட்கும். அவனும் கேட்டிருப்பான். ஹேமா அக்கா என் கையிலிருந்து தாளை வாங்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அவருக்கும் கணக்கு தெரியும். தாளை மடித்துத் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். "ஏன் தரணி?" என்று மட்டும் கேட்டார் வீட்டுக்காரர். ஏனுங்க என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பழகினதில், எனக்கே அந்த வார்த்தை திரும்பி வருகிறது என்று அப்போது ஒரு சிரிப்பு வந்தது. அந்த நேரத்தில் சிரித்தால் என்ன நினைப்பார்கள்? அடக்கிக்கொண்டேன்.

கணுவாய் வந்தாச்சா? இங்கே இறங்கி எதிர்ப்பக்கம் நின்றால் திரும்பிப் போக வண்டி வரும் என்கிறீங்க. தெரியும். இதுதான் என் லைன், தெரியாதா. போக வேண்டிய அவசியமே இல்லையாம். போனில் சொன்னால் போதும், ஸ்பீக்கரில் போட்டுக் கதவுகிட்ட வைக்கிறேன், மேஜையில் இருக்கிறவர்களுக்கும் கேட்கும் என்று மெசேஜ் அனுப்பியிருக்கிறார் ஹேமா அக்கா. சொல்லலாம். ஆனால் பஸ்ஸில் இத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், இத்தனை பேர் முன்னாடி எப்படிச் சொல்வது? நீங்கள் ஏன் அப்படிப் பார்க்கிறீங்க?

ஒன்று சொல்கிறேன், கேளுங்க. அந்தப் பையன் கெட்டிக்காரன். அந்த அஞ்சு பேரில் இந்தப் புதுப் புத்தகத்துக்கு வேகமாகப் பழகக்கூடியவன் அவன்தான். ஆறாம் படி இல்லை, ஏழுக்கே போட்டிருக்கலாம். வழி எழுத மட்டும் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் பத்தாவதில் நூறு வாங்குவான். அதற்கு நானே போதும். திங்கட்கிழமையிலிருந்து வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்களா என்று தெரியவில்லை. அவன் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டால் யார் வந்து என்ன பண்ண? இன்னொரு கணக்கு வாத்தியார் வந்து கதவுக்கு வெளியே உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான்.

அப்படி என்னதான் சொல்லச் சொல்கிறார்கள் என்கிறீங்க. பெரிசாக ஒன்றுமில்லை. மன்னிப்புக்கூட கேட்கச் சொல்லவில்லை அவன். நான் இருபத்தொண்ணு என்று சொன்ன பிறகு கொஞ்ச நேரம் கழித்து, அழாமல், நிதானமாகத்தான் பேசினான். "தரணிண்ணா, நான் பார்த்துப் போடலைன்னு சொல்லுங்க. எங்கிட்ட சொல்ல வேண்டாம். மேஜைகிட்டப் போய் நின்னு சொல்லுங்க. ஜோயலுக்குக் கேக்கணும். நான் வந்துடறேன்."

எழுந்து மேஜைக்குப் போனேன். பிள்ளைகள் நாலு பேரும் நிமிர்ந்தார்கள். நெய்தல் வாயிலிருந்த பென்சிலை எடுத்தாள். ஹேமா அக்கா பாத்ரூம் கதவின் மேல் கை வைத்துக்கொண்டு நின்றார், அது இப்போது திறக்கும் என்பது போல. வீட்டுக்காரர் தலையை ஆட்டினார், சொல்லு சொல்லு என்று. செழியன் பார்த்துப் போடலை. எண்ணிப் பாருங்க, மூணு வார்த்தை. வாய்வரைக்கும் வந்தது. மேஜை மேல் என் பை இருந்தது. எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றேன்.

பஸ் வர இன்னும் நாற்பது நிமிஷம் இருந்தது, அண்ணா.